ஒரே ஆண்டு, ஒன்பது பாட்டில்: 2021 பர்கண்டி சிவப்பை ருசிபார்த்து எடைபோடுவது எப்படி?

கேள்வி இது: பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் 2021ஆம் ஆண்டு விளைந்த திராட்சையின் சிவப்பு ஒயின் ஒன்பது பாட்டில் வாங்கப் போகிறோம், ருசிபார்க்க எட்டுப் பேர். எதை வாங்குவது, எப்படித் திறந்து ஊற்றுவது, மதிப்பெண் எப்படிப் போடுவது? "அந்த ஆண்டே மட்டம்" என்கிறார்களே, அது நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாகவே வழிக்கு வந்துவிடும். ஒரே ஆண்டு ஒயின்களை வரிசையாக வைத்துக் குடிக்கும்போது எல்லா கிளாஸிலும் பொதுவாக இருப்பது எதுவோ அதுதான் ஆண்டு. ஒரே தயாரிப்பாளரின் பாட்டில்களில் மட்டும் திரும்பத் திரும்ப வருவது அவருடைய கை. ஒரே ஊர்ப்பெயர் போட்ட பாட்டில்களில் மட்டும் வருவது மண். இந்த மூன்றையும் பிரிக்காமல் மதிப்பெண் போட உட்கார்ந்தால் பழி இடம் மாறிவிடும். பீப்பாய் மணத்தை "ஜெவ்ரே ஊர் மண்ணின் குணம்" என்பார்கள், திராட்சைக் கொத்தின் காம்பிலிருந்து வரும் பச்சை வாசனையை "2021இன் குறை" என்பார்கள். பர்கண்டியைப் பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பம்தான்.

முதலில் 2021. மார்ச் கடைசியில் நல்ல வெயில் அடித்ததால் கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்விட்டன. ஏப்ரல் 6, 7, 8ஐ ஒட்டிய இரவுகளில் உறைபனி. வெள்ளை ஒயின் தரும் ஷார்டனே, சிவப்பு தரும் பினோ நுவாரைவிட முன்னதாகத் துளிர்க்கும் கொடி என்பதால் வெள்ளைக்குத்தான் அடி பலமாக விழுந்தது. சில வெள்ளைத் தோட்டங்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பின் கோடையும் குளிர்ந்து, மழை பிடித்து, அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் சேர்ந்துகொண்டன. அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் பின்பாதியில். அதற்கு முந்தைய 2020இல் பல தோட்டங்கள் ஆகஸ்ட் மாதத்திலேயே பறித்து முடித்திருந்தன என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டுகளும் எவ்வளவு தூரம் என்று புரியும்.

இதெல்லாம் கிளாஸில் எப்படித் தெரியும்? பழத்தில் சர்க்கரை குறைவு, ஆகவே ஆல்கஹால் 12.5, 13 என்ற அளவில் நிற்கும். அதற்கே பலர் நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்க வேண்டியிருந்தது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சேர்த்தால் 1 சதவீதம் ஏறும். பர்கண்டியில் அது அனுமதிக்கப்பட்ட, பழைய பழக்கம். நிறம் வெளிறியிருக்கும். பழ வாசனை கறுப்புப் பக்கம் போகாமல் செர்ரி, ராஸ்பெர்ரி என்று சிவப்பிலேயே நிற்கும். குளிர்ந்த ஆண்டு என்றதும் புளிப்பு பல்லைக் கூசவைக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அது சரியாக வருவதில்லை. குளிர்ந்த ஆண்டில் மிகுந்து நிற்பது பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். பீப்பாயில் நடக்கும் இரண்டாம் நொதிப்பில் அது தயிரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாறிவிடுகிறது. எவ்வளவுக்கு மாலிக் இருந்ததோ அவ்வளவுக்குப் புளிப்பு இறங்கும். அதனால் 2021 சிவப்புகள் பல எதிர்பார்த்ததைவிட மிருதுவாக இருக்கின்றன. வெயில் ஆண்டில் மாலிக் ஏற்கெனவே எரிந்து போயிருப்பதால் இரண்டாம் நொதிப்பில் இறங்குவதற்கு அதிகம் இருக்காது.

இனி பாட்டில் தேர்வு. ருசிபார்ப்பு பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஒன்பது வெவ்வேறு தயாரிப்பாளர், ஒன்பது வெவ்வேறு ஊர் என்று வாங்கினால் கடைசியில் "இது பிடித்தது, அது பிடிக்கவில்லை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று தயாரிப்பாளர், மூன்று ஊர், பெருக்கினால் ஒன்பது: இப்படி ஒரு கட்டம் போடுங்கள். ஊர்கள் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான், ஷாம்போல்-முசிஞி, வோன்-ரோமனே என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் பர்கண்டியின் கோட் டெ நுயி என்ற மலைச்சரிவில் சில கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள், மூன்றும் பினோ நுவார். மூன்று ஊரின் ஒயினையும் போடும் தயாரிப்பாளர்கள் வேண்டும் என்பதால் லூயி ஜாதோ, ஜோசஃப் டுரூவான், லூயி லத்தூர் போன்ற பெரிய நிறுவனங்கள்தான் இதற்குத் தோது. சின்னத் தோட்டக்காரர்களின் ஒயின் இன்னும் சுவாரசியமாக இருக்கலாம், ஆனால் அவர்களிடம் கட்டம் நிறையாது.

தரம் ஒன்றாக இருக்க வேண்டும். பர்கண்டியில் கீழிருந்து மேலாக வட்டாரம், ஊர், பிரமியே க்ரூ, கிராண்ட் க்ரூ என்று நான்கு படி. ஒன்பதும் ஊர்ப் படியிலேயே இருக்கட்டும். கிராண்ட் க்ரூவுக்குப் பலர் புதுப் பீப்பாயைத் தாராளமாகப் போடுவார்கள், பாதியிலிருந்து முழுவதும் வரை; இளம் வயதில் மரம்தான் மூக்குக்கு வரும், மண் வராது. விலையும் பயமுறுத்தும். பெயரை மட்டும் நம்புவதிலும் பயனில்லை: க்ளோ டெ வூஜோ என்ற ஒரே கிராண்ட் க்ரூ சுமார் 50 ஹெக்டேர், அதற்குச் சுமார் 80 உடைமையாளர்கள். அந்தப் பெயரில் வரும் இரண்டு பாட்டிலுக்குள் இருக்கும் தூரம், இரண்டு ஊருக்குள் இருக்கும் தூரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

ஒன்பதோடு இரண்டு கிளாஸ் கூடுதலாகச் சேருங்கள். ஒன்று, ஒன்பதில் ஏதாவது ஒரு ஒயினையே இரண்டாம் முறை வேறு அடையாளத்தோடு கொடுப்பது. இன்னொன்று, அதே தயாரிப்பாளர்களில் ஒருவருடைய 2020. முதலாவது உங்கள் நாக்கைச் சோதிக்க, இரண்டாவது ஆண்டைச் சோதிக்க. 2020ஐ யாருமே தனியாக அடையாளம் காணவில்லை என்றால், "2021 மட்டம்" என்பது அந்த மேசையைப் பொறுத்தவரை வாயில் இல்லாத, காதில் மட்டும் விழுந்த விஷயம்.

அளவுக் கணக்கு: ஆளுக்கு 40 மில்லி. எட்டுப் பேருக்கு 320 மில்லி போனால் 750இல் 430 மிச்சம். இரண்டு முறை கொடுக்கும் பாட்டிலில் 110தான் நிற்கும், பரவாயில்லை. 40 மில்லியில் 10 மில்லி வீதம் நான்கு வாய் வரும், அது போதும். பதினொரு கிளாஸையும் விழுங்கினால் ஒருவருக்கு 440 மில்லி, அரைப் பாட்டிலுக்கு மேல். ஏழாவது கிளாஸிலேயே எல்லா ஒயினும் நல்ல ஒயினாகத் தெரிய ஆரம்பிக்கும். துப்ப வேண்டும். ஆளுக்கொரு ஒளி ஊடுருவாத டம்ளர், மேசைக்கு ஒரு வாளி. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், வண்டி ஓட்டும் யோசனை வேண்டாம்.

பாட்டில்களை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். வெப்பநிலையில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பினோ நுவார் 14 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 18ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழம் வெந்த ஜாம் மாதிரி ஆகும். 11, 12இல் துவர்ப்பு கடுமையாகும், வாசனை எழாது. "அறை வெப்பநிலை" என்ற சொல் உருவானது குளிர்ந்த கல் வீடுகளில். உங்கள் அறை 24 டிகிரி என்றால் 13இல் ஊற்றுங்கள்; 40 மில்லி ஒயின் பெரிய கிளாஸில் சில நிமிடத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். கண்ணாடிப் பரப்பில் கை படாமல் தண்டைப் பிடியுங்கள். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்வது, இன்னொரு விலையுயர்ந்த பாட்டில் வாங்குவதைவிட லாபம்.

கிளாஸ் எதுவானாலும் சரி, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய வயிறுள்ள பர்கண்டி கிளாஸ் வாசனையைக் கூட்டிக் காட்டும், சின்ன துலிப் கிளாஸ் குறைகளைக் கூட்டிக் காட்டும். பதினொன்றையும் ஒரே நேரத்தில் ஊற்ற 88 கிளாஸ் வேண்டும், அது நடக்காது. 4, 4, 3 என்று மூன்று சுற்று வைத்தால் 32 கிளாஸில் முடியும். சோப்பு வாசனை கிளாஸின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் மதிப்பெண்ணில் சேர்ந்துவிடும். வெந்நீரில் கழுவி, தலைகீழாகத் துணிமேல் கவிழ்க்காமல் காற்றில் உலர விடுங்கள், ஊற்றும்முன் ஒரு ஸ்பூன் ஒயினால் அலசிக் கொட்டுங்கள்.

ஒரு மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் திறந்து, ஒருவர் மட்டும் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்க வேண்டும். இவர் மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. டிகேன்டர் என்ற அகன்ற குடுவையில் மாற்ற வேண்டாம்; ஊர்ப் படி பினோ நுவார் மெல்லியது, ஒன்றுக்குக் காற்று அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்றால் ஒப்பீடே கெடும்.

இங்கே பிடிக்க வேண்டிய குறைகளில் முதலாவது கார்க் கெடுதல். அதற்குக் காரணமான டிசிஏ என்ற பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும். அதிகமாக இருந்தால் மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசனை, யாருக்கும் தெரியும். ஆபத்தானது லேசாக இருப்பதுதான்: அட்டை வாசனை வராது, பழ வாசனை மட்டும் அமுங்கிப்போகும், விழுங்கியபின் வாயில் நிற்கும் மணம் சட்டென்று அறுந்துவிடும். "சாதாரண ஒயின், 20க்கு 12 மார்க்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். கண்டுபிடிக்க ஒரு வழி: அரை மணி நேரம் கிளாஸில் விடுங்கள். கார்க் கெடுதல் காற்றில் கூடும். ஒடுக்க வாசனை, அதாவது காற்றே படாமல் வளர்ந்த ஒயினில் வரும் கந்தக வாசனை, காற்றில் குறையும். எரிந்த தீக்குச்சி, ரப்பர், முட்டை மாதிரி வந்தால் இந்த இரண்டாவது வகை. சுத்தமான செம்புத் துண்டு ஒன்றைக் கிளாஸில் போட்டுச் சுழற்றுங்கள். முட்டை வாசனை போய்ப் பழம் வெளியே வந்தால் விஷயம் அதுதான். அந்தக் கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், சோதனைக்கு மட்டும் அது.

குதிரை லாயம், பிளாஸ்டர் வாசனை என்றால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. நகப்பூச்சு வாசனை வந்தால் ஆவியாகும் அமிலம் ஏறியிருக்கிறது. கெடாமல் காக்கும் கந்தகம் மிகக் குறைவாகப் போட்ட ஒயின்களில் வரும் எலி வாடை இன்னும் தந்திரமானது. மூக்கில் ஒன்றும் தெரியாது. துப்பி அரை நிமிடம் கழித்து, உமிழ்நீர் கலந்து வாயின் புளிப்பு தணிந்த பிறகு, பழைய பொரியின் சிக்கு மாதிரி பின்னால் எழும்பும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

மறைப்பது பற்றி. பர்கண்டி பாட்டில்கள் தோளில் சரிந்த ஒரே உருவம் என்பதால் துணிப்பையில் போட்டுக் கழுத்தைக் கட்டினால் போதும், ஆனால் பாட்டில் வாயைச் சுற்றியுள்ள தகட்டு உறையை முழுவதும் உரித்துவிடுங்கள், கார்க்கையும் மறைத்து வையுங்கள், இரண்டிலும் பெயர் இருக்கும். ஒருவர் பையில் போடட்டும், அவர் வெளியே போனபின் இன்னொருவர் பைகளைக் கலைத்து அடையாளம் கட்டட்டும். எண் போடாதீர்கள். 1 என்ற எண்ணுக்கு நம் மனசு தானாக ஒரு மரியாதை கொடுத்துவிடும். க, ச, ட, த, ப என்று எழுத்துகளைத் தாறுமாறாகப் போடுங்கள். பையில் போடுபவரே முதலில் பைகளை மூன்று சுற்றாகப் பிரித்துவிடட்டும், கலைப்பவர் சுற்றுக்குள்ளேயே கலைக்கட்டும். பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை: ஒரே சுற்றில் ஒரே தயாரிப்பாளரின் மூன்றும் வந்துவிடக் கூடாது, இரட்டை ஒயினின் ஒன்று முதல் சுற்றிலும் மற்றது மூன்றாம் சுற்றிலும் இருக்க வேண்டும், 2020 நடுச் சுற்றில்.

இப்போது கிளாஸ் முன்னால் உட்காருகிறோம். காலை 11 மணி சிறந்த நேரம், வயிறு நிறையாமலும் பசிக்காமலும். காபி, வெற்றிலை, பல்பொடி, சென்ட் எதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம்.

நிறத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. பினோ நுவார் இயல்பிலேயே நிறம் குறைந்த திராட்சை, 2021இல் இன்னும் குறைவு. வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பாருங்கள், விளிம்பு ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு இளம் ஒயினில் அது எச்சரிக்கை. அடர்த்தியாக இருக்கிறது என்பதற்காக ஒரு புள்ளிகூடக் கூட்டாதீர்கள்.

சுழற்றாமல் முதலில் மோந்து பாருங்கள், மூன்று நான்கு குட்டி மூச்சு. நீண்ட ஒரு மூச்சு மூக்கை மரத்துப்போக வைக்கும். நான்கு கிளாஸையும் இப்படி ஒரு சுற்று பார்த்துவிட்டு, பிறகு சுழற்றி இரண்டாம் சுற்று. வாயில் 10 மில்லி எடுத்துப் பத்து வினாடி சுழற்றி, உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சி, துப்பி, வினாடி எண்ணுங்கள். துவர்ப்பையோ ஆல்கஹாலின் சூட்டையோ எண்ணக் கூடாது, பழத்தின் மணம் எத்தனை வினாடி நிற்கிறது என்பதுதான் கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வினாடியை ஒரு கோதாலி என்பார்கள். ஊர்ப் படி ஒயினுக்கு 4 முதல் 6 வந்தால் ஒழுங்கு, 8ஐத் தொட்டால் அந்த ஒயின் தன் படியைத் தாண்டி நிற்கிறது என்பது கைக்கணக்கு.

துவர்ப்பு நமக்குப் பழக்கமான சுவை என்பதால் இங்கே தமிழ் நாக்குக்கு ஒரு வசதி உண்டு. மாதுளைத் தோல், கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, நெல்லிக்காய் ஆகிய நான்கின் துவர்ப்பும் வேறு வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள். நன்றாகப் பழுத்த பினோ தோலின் துவர்ப்பு, நெல்லிக்காய் மாதிரி வாய் முழுவதும் பரவி, முடிவில் ஊறலை விட்டுப்போகும். பழுக்காத விதையோ காம்போ அதிகம் இறங்கியிருந்தால் வாழைப்பூ நார் மாதிரி நாக்கின் நடுவில் இழுக்கும். பீப்பாய் மரத்தின் துவர்ப்பு தாமதமாக வந்து முன்பல் ஈறில் பாக்குப்பொடியாக ஒட்டும். நனைந்த ஸ்லேட் பாறை என்று இரவல் வார்த்தை எழுதினால் அடுத்த வருஷம் குறிப்பைப் படிக்கும்போது உங்களுக்கே ஒன்றும் ஞாபகம் வராது. முதல் மழையில் நனைந்த மண், இலந்தைப்பழம், உலர்ந்த ரோஜா இதழ் என்று எழுதினால் வரும்.

காம்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், 2021இல் தவறான தீர்ப்புக்கு அதுதான் பெரிய காரணம். பர்கண்டியில் ஒயின் தயாரிப்பில் இரண்டு மரபு உண்டு. வோன்-ரோமனேயின் ஆன்றி ஜாயே காம்பை முழுவதும் நீக்கியவர். மொரே-சாந்-தெனியின் டொமேன் துயுஜாக் கொத்தைக் காம்போடு நொதிக்கவிடுவதில் பெயர் பெற்றது. காம்பு நன்றாக முற்றிய ஆண்டில் அது கிராம்பு, தேயிலை, உலர்ந்த பூ மணம் தரும், வாயில் ஒரு குளுமை வரும். குளிர்ந்த ஆண்டில் காம்பு பச்சையாகவே நிற்கும். ஒயினில் குடைமிளகாய், ஒடித்த முருங்கைக் காம்பு வாசனை ஏறும். அதனால் வழக்கமாகக் காம்பு போடுபவர்கள் பலர் அந்த ஆண்டில் குறைத்துக்கொண்டார்கள், சிலர் குறைக்கவில்லை. ஆகவே பச்சை வாசனை வந்தவுடன் "ஆண்டு பழுக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். மற்ற எட்டிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தயாரிப்பாளரின் மூன்றில் மட்டும் இருந்தால் அது அவர் முடிவு. ஒன்பதிலும் இருந்தால்தான் ஆண்டு.

தீக்குச்சி வாசனையிலும் இதே குழப்பம். அதை "கனிமத் தன்மை", "மண்ணின் குரல்" என்றெல்லாம் சொல்லிப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது நொதிப்பில் ஈஸ்ட்டுக்கு ஊட்டம் குறைந்ததாலோ, அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு பீப்பாயில் நீண்ட நாள் கிடந்ததாலோ வருவது. பிடித்தால் மதிப்பெண் கொடுங்கள், ஊருக்குக் கணக்கெழுதாதீர்கள்.

பீப்பாயை அளக்க எளிய வழி: கிளாஸைக் காலி செய்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வெறும் கிளாஸை மோந்து பாருங்கள். பழ மணம் பறந்திருக்கும். வனிலா, கிராம்பு, புகை மட்டும் தங்கியிருந்தால் புதுப் பீப்பாய் விகிதம் அதிகம். பழைய 228 லிட்டர் பீப்பாய்களிலேயே வளர்ந்த ஒயினின் வெறும் கிளாஸில் ஏறத்தாழ ஒன்றும் இருக்காது.

இரண்டு கிளாஸுக்கு நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், தண்ணீர், வெறும் ரொட்டி. துவர்ப்பு உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்து வெளியேற்றுவதால் அடுத்தடுத்த வாயில் கூடிக்கொண்டே போகும். நான்காவது கிளாஸ் கடுமையாகத் தெரிவதற்கு முதல் மூன்றுதான் காரணமாக இருக்கலாம். பாலாடைக்கட்டி மேசையிலேயே இருக்கக் கூடாது, அது எல்லாத் துவர்ப்பையும் பூசி மறைத்துவிடும். இன்னொரு பொறி: அடர்த்தியான ஒயினுக்குப் பின்னால் வரும் மெல்லிய ஒயின் தண்ணீராகத் தெரியும். ஷாம்போல் அடிக்கடி இதில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றையும் இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் மாறாத கருத்தை மட்டும் எழுதுங்கள். சுற்று முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது.

மதிப்பெண் 20க்கு வைத்துக்கொள்ளலாம்: மூக்கு 5, வாய் 8, நீட்சி (மணம் நிற்கும் வினாடி) 4, "இன்னொரு வாய் வேண்டுமா" என்பதற்கு 3. கடைசி மூன்றைப் பலர் கேலி செய்வார்கள், ஆனால் மற்ற 17ஐ நேர்மையாகப் போட வைப்பது அதுதான். பிடித்ததையெல்லாம் மூக்கிலும் வாயிலும் கள்ளத்தனமாக ஏற்றாமல் போட ஒரு இடம் வேண்டுமே. "ஊர்க்குணம்" என்று மதிப்பெண் வைக்காதீர்கள். பாட்டிலை மறைத்துவிட்டு ஊர்க்குணத்துக்கு மார்க் போடுவது, எந்த ஊர் என்று நாமே ஊகித்து நம் ஊகத்துக்கு நாமே பரிசு கொடுப்பது.

பையை அவிழ்க்கும்முன் இரட்டை எழுத்துகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் அதே ஒயினுக்கு ஒருமுறை 16, இன்னொருமுறை 13.5 போட்டிருந்தால், அவருடைய தாளில் 2.5க்குக் குறைந்த எந்த வித்தியாசத்துக்கும் அர்த்தமில்லை. அனுபவசாலிகளுக்கும் ஒரு புள்ளி ஆடுவது சகஜம்.

பிறகு ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் 1 முதல் 9 வரை தரவரிசையாக மாற்றுங்கள். 2020 கணக்கில் வேண்டாம், இரட்டைக்குச் சராசரி. ஏன் தரவரிசை என்றால், ஒருவர் 11 முதல் 18 வரை வீசிப் போடுவார், இன்னொருவர் 14க்கும் 15க்கும் நடுவிலேயே நடப்பார். நேரடியாகக் கூட்டினால் வீசிப் போட்டவர் சொன்னதுதான் முடிவாகும். எட்டுப் பேரின் தரவரிசையைக் கூட்டினால் ஒரு ஒயினுக்கு மிகச் சிறந்த தொகை 8, மிக மோசமானது 72. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகப் போட்டாலே சராசரி 40 வரும், அதிலிருந்து பதினைந்து வரை இப்படியும் அப்படியும் தற்செயலாகவே விலகும். ஆகவே 25க்கும் 55க்கும் இடைப்பட்ட ஒயின்களைப் பற்றி மேசை ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். "நான்காம் இடம், ஐந்தாம் இடம்" என்று சண்டை போடுவது வீண். 25க்குக் கீழே ஒன்றும் 55க்கு மேலே ஒன்றும் கிடைத்தாலே அது நல்ல அறுவடை. எட்டில் நான்கு பேர் முதலிடமும் நான்கு பேர் கடைசியும் கொடுத்த ஒயினும் நடுவில்தான் வந்து விழும், அதைத் தனியாக எடுத்து மறுபடி ஊற்றுங்கள். அநேகமாகக் காம்போ ஒடுக்க வாசனையோ அங்கே இருக்கும்.

இப்போது கட்டத்துக்கு வாருங்கள். எட்டுப் பேரின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை ஒன்பது கட்டத்திலும் எழுதுங்கள். கற்பனையாக ஒரு கணக்கு: முதல் தயாரிப்பாளருக்கு ஜெவ்ரே 15, ஷாம்போல் 14.5, வோன் 15.5. இரண்டாமவருக்கு 13, 10.5, 13.5. மூன்றாமவருக்கு 14, 13.5, 14.5. ஒன்றாம், மூன்றாம் வரிசைகளைப் பாருங்கள்: தயாரிப்பாளர் மாறினால் 1 புள்ளி, ஊர் மாறினால் அரைப் புள்ளி வீதம் நகர்கிறது. அந்த ஒழுங்குப்படி இரண்டாமவரின் ஷாம்போல் 12.5 வந்திருக்க வேண்டும், வந்ததோ 10.5. இப்படி ஒரே ஒரு கட்டம் மட்டும் ஒழுங்கை உடைத்தால் ஆண்டையோ ஊரையோ ஆளையோ குறை சொல்வதற்கு முன் அந்தப் பாட்டிலைச் சந்தேகியுங்கள். லேசான கார்க் கெடுதல் பிடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாற்றுப் பாட்டில் இருந்தால் இப்போது திறக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு இடையிலான தூரம் ஊருக்கு இடையிலான தூரத்தைவிடப் பெரிதாக வருவது சகஜம், ஊர்ப் படியில் அப்படித்தான் வரும். ஊர்ப் பெயர் என்பது சரிவின் அடிவாரத்தில் ஓடும் பழைய என்74 சாலையை ஒட்டிய கனமான களிமண்ணிலிருந்து சரிவின் மேல்விளிம்பு வரை பல தோட்டங்களின் சாற்றைக் கலந்தது. அதில் மண் பேசும், ஆனால் பலர் ஒரே நேரத்தில் பேசும் பேச்சு.

2020ஐ என்ன செய்தார்கள் என்று கடைசியாகப் பாருங்கள். பொதுவாக மேசை அதைக் கண்டுபிடித்துவிடும்: நிறம் கறுப்பு, ஆல்கஹால் கூட, பழம் பிளம் பக்கம். அதற்கு அதிக மதிப்பெண் விழுந்திருந்தால் "கனமாக இருந்ததால் கொடுத்தீர்களா, நீளமாக இருந்ததாலா" என்று நீட்சி வினாடியை ஒப்பிட்டுக் கேளுங்கள். வினாடி ஒன்றாக இருந்து மதிப்பெண் மட்டும் 2 கூடியிருந்தால், 2021 மட்டம் என்ற பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

மிச்சமிருக்கும் ஒயினை அதே பாட்டிலில் கார்க் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் 14 டிகிரிக்குக் கொண்டுவந்து மறைத்தே மறுபடி பாருங்கள். எல்லாப் பாட்டிலிலும் மிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும், 100 மில்லி ஒன்றிலும் 400 இன்னொன்றிலும் இருந்தால் காற்று பட்ட அளவே வேறாகிவிடும். அதிகமாக இருப்பதைக் குடித்துச் சமப்படுத்தலாம், இதற்கு மட்டும் துப்ப வேண்டியதில்லை. முதல் நாள் இனிப்பாகச் சிரித்து, மறுநாள் நடுவில் ஓட்டை விழுந்து, சூடு மட்டும் தொண்டையில் நிற்கும் ஒயினில் சர்க்கரை சேர்த்து ஏற்றிய ஆல்கஹாலுக்கு ஈடான சதை இல்லை. அவற்றை இப்போதே குடித்துவிடலாம். முதல் நாள் இறுகிக் கிடந்து மறுநாள் பூ மணம் விரித்தவற்றில் இரண்டு மூன்று பாட்டில் வாங்கி, 12, 13 டிகிரியில் படுக்கவைத்து, 2029 வாக்கில் ஒன்றைத் திறந்து பாருங்கள். 2021 ஊர்ப் படிக்கு அதற்கு மேல் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஆண்டின் அழகு அதன் சிவப்புப் பழத்தில் இருக்கிறது, அது முதலில் போகிற பொருள்.